களத்தைச் சொல்லுங்கள், பலகையைச் சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, வணக்கம். வயது 26. ஊர் காங்கயம் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஒரு வருடமாக ஸ்கேட்போர்டு ஓட்டுகிறேன். இப்போது இருப்பது பொம்மைக் கடையில் வாங்கியது. திரும்பச் சொன்னால் திரும்ப மாட்டேன் என்கிறது, பலகையும் நடுவில் தொய்ந்துவிட்டது. நல்லதாக ஒன்று வாங்கலாம் என்றால் ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மாமா பையன் ‘ட்ரிக் பழகணும்னா 7.75தான்’ என்கிறான். கூட ஓட்டும் பசங்கள் எல்லோரும் 8.5 வைத்திருக்கிறார்கள். உயரத்தை வைத்துப் போட்ட ஓர் அட்டவணை, 5 அடி 2 அங்குலம் இருக்கும் எனக்கு 7.5 போதும் என்கிறது. எடை 54 கிலோ, ஷூ யூகே 5. ஞாயிறு அன்று கம்பெனி பேக்கிங் ஷெட்டில் ஓட்டுவேன். ஊருக்குப் போனால் எங்கள் தேங்காய்க் களத்தில். கையால் தொடாமல் பலகையோடு எழும்பிக் குதிக்கும் ஆலி பாதி வருகிறது, அடுத்து கிக்ஃப்ளிப் பழக வேண்டும். எந்த டெக், அதாவது எந்தப் பலகை, வாங்கட்டும்? அக்கா பையனுக்கு 9 வயது, அவனும் இதிலேயே ஓட்டலாமா?

பதில்:

அம்மிணி, காலின் அளவும் ஓட்டும் தரையும் தெரிந்தால்தான் நான் பதில் சொல்ல முடியும். இரண்டையும் எழுதிவிட்டீர்கள். ‘நான் ஐந்தரை அடி, எது வாங்கலாம்’ என்று மட்டும் கேட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நட்சத்திரம் சொல்லாமல் ஜோசியரிடம் பொருத்தம் கேட்கிற கதைதான் அது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 8.0. மாமா பையன் சொன்னதற்கும் உங்கள் கூட்டாளிகள் வைத்திருப்பதற்கும் நடுவில் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருக்கும், ஆனால் அப்படி வந்த எண் இல்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன். சரியென்று பட்டால் வாங்குங்கள்.

டெக் அளவு என்று எல்லோரும் சொல்லும் எண், பலகையின் அகலம், அங்குலக் கணக்கில். 7.5 என்றால் 190 மி.மீ. 8.0 என்றால் 203. 8.5 என்றால் 216. கால் அங்குலம் என்பது ஆறு மில்லிமீட்டர் சொச்சம். ‘ஆறு மில்லிமீட்டரில் என்னங்க வந்துவிடப் போகிறது’ என்று என்னிடம் பழக வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் கேட்பார்கள். என் அப்பா கோவை கணபதியில் பேட்டர்ன் தச்சர், வார்ப்புப் பட்டறைகளுக்கு மர அச்சு செய்தவர். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்து அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்ட வேண்டும். அரை மில்லிமீட்டருக்காக அவர் சாப்பிடாமல் சண்டை போட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு ஆறு மில்லிமீட்டர் பெரிய நிலம்.

அகலத்தைத் தீர்மானிப்பது கால். உயரம் கிடையாது. உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் காலும் பெரிதாக இருக்கும் என்பதால்தான் அந்த அட்டவணைகள் பலருக்கும் தற்செயலாகப் பொருந்திப் போகின்றன. பலகையில் நிற்கும்போது பெருவிரலுக்குக் கீழே இருக்கும் உருண்டை மேடு ஓர் ஓரத்திலும், குதிங்கால் மறு ஓரத்தை ஒட்டியும் வர வேண்டும். உடம்பை முன்னே சாய்த்தால் அந்த மேடு பலகையை ஒரு பக்கம் அமுக்கும், பின்னே சாய்த்தால் குதிங்கால் மறுபக்கம் அமுக்கும். திரும்புவது என்பதே இந்த அமுக்கல்தான். குதிங்கால் பலகையைத் தாண்டி அதிகம் தொங்கினால், குதித்து இறங்கும் வேகத்தில் எடை வெளியே விழும், பலகை ஒரு பக்கமாகக் கவிழும், கணுக்கால் அதோடு மடங்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் முதல் போர்டு 7.5. எனக்கு ஷூ 9. ‘எல்லாம் ஒரே சைஸுதான் தம்பி’ என்று சொல்லி விற்றார் கடைக்காரர். இரண்டாம் வாரமே கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூன்று வாரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் பணம் போடும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறீர்கள், அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து அடுக்கு கார்ட்டன் ஒன்றை எடுத்து, 190, 197, 203, 210, 216 மி.மீ. அகலத்தில் ஐந்து பட்டைகள் வெட்டுங்கள். நீளம் 80 செ.மீ. போதும். ஓட்டும்போது போடும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஓட்டுகிற மாதிரியே நில்லுங்கள். முன்கால் சற்றுச் சாய்வாக, பின்கால் கிட்டத்தட்ட நேர்குறுக்காக. கண்ணை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கி, முன்னும் பின்னும் சாய்ந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ஆளை விட்டு, பின்காலின் குதி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று ஸ்கேலில் அளக்கச் சொல்லுங்கள். யூகே 5 காலுக்கு 190 பட்டை குறுகலாகவும், 216 தேவைக்கு மேல் அகலமாகவும் தோன்றும் என்பது என் கணிப்பு. 203இலோ 197இலோ நிம்மதியாக இருக்கும்.

சரி, 197 என்பது 7.75தானே, அப்படியானால் மாமா பையன் சொன்னது சரிதானே என்பீர்கள். பாதி சரி.

கிக்ஃப்ளிப்பில் பலகை தன் நீள அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து மணிக்கட்டால் வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். அடுத்து முறத்தைத் திருப்பிப் பாருங்கள். முறம் முரண்டு பிடிக்கும். எடை கூடியது மட்டும் காரணம் இல்லை. எடை அச்சிலிருந்து தள்ளிப் போய்விட்டது, அதுதான் பெரிய காரணம். கணக்கில் சொன்னால், ஒரே நீளமும் தடிமனும் கொண்ட பலகையைச் சுற்ற வைக்கும் சிரமம் அகலத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 8.0இலிருந்து 8.25க்குப் போனால், சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் உலோகத் தாங்கியான ட்ரக்கை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் பார்த்தால், ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல் சிரமம். 8.5க்குப் போனால் இருபது சதவீதம். உங்கள் கூட்டாளிகளின் 8.5இல் கிக்ஃப்ளிப் பழக ஆரம்பித்தால், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமையோடு பழகுகிறீர்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு ஷூ 9, 10 இருக்கும், காலில் வலுவும் இருக்கும், வண்டி ஓடும். உங்களுக்கு அது வீண் வேலை.

அப்படியென்றால் இன்னும் குறுகலாகப் போகலாமே? போகலாம். 1990களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க அப்படித்தான் போனார்கள். பலகை 7.5 பக்கம் சுருங்கியது, சக்கரமும் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது, பலகையைச் சுழற்றும் வித்தைகள் பெருகின. அதற்கு முந்தைய பத்தாண்டில் பத்து அங்குல அகலப் பலகைகளில் ராம்ப்பில் பறந்துகொண்டிருந்தார்கள். குறுகலின் கஷ்டம் என்னவென்றால், சுற்றுவது எளிது, இறங்குவது கடினம். காலுக்குக் கீழே மரம் போதாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அகலம் திரும்ப வந்து, இன்று பெரும்பாலோர் 8.0க்கும் 8.5க்கும் நடுவில் நிற்கிறார்கள். உங்கள் மாமா பையனுக்கு 7.75 என்று சொல்லிக்கொடுத்தவர் அந்தக் குறுகல் காலத்தில் பழகியவராக இருக்கலாம். தப்பு இல்லை, ஆனால் வேதவாக்கும் இல்லை.

உங்களுக்கு நான் 7.75ஐ விட்டு 8.0 சொல்வதற்குக் காரணம் ஆலி. இன்னும் பாதிதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆலி முழுசாக வராதவர்களுக்கு இறங்குமிடம்தான் முக்கியம், சுற்றும் வேகம் அப்புறம். தவிர, பலகை அகலமானால் அதோடு ட்ரக்கும் அகலமாகும், நிலைப்பு கூடும். கிக்ஃப்ளிப் பழகி ஒரு வருடம் கழித்து 7.75 ஆசை வந்தால், டெக் மட்டும்தானே, மாற்றிக்கொள்ளலாம். டெக் எப்படியும் தேய்ந்து உடையும் பொருள்தான்.

ஓட்டும் பாணிக்கு ஏற்ற அளவை ஓரிரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாக ஸ்கேட்போர்டிங்கைச் சேர்த்தார்கள், ஸ்ட்ரீட், பார்க் என்று இரண்டு பிரிவு. ஸ்ட்ரீட் என்றால் படிக்கட்டு, கம்பி, திண்டு, நிறையச் சுழற்சி. அதற்கு 7.75 முதல் 8.25 வரை எடுப்பார்கள். பார்க் என்றால் கிண்ணம் போன்ற பள்ளங்களில் வேகமாக ஏறி இறங்குவது. கால் நழுவாமல் நிற்க இடம் வேண்டும், 8.25க்கு மேல் போவார்கள். செங்குத்து ராம்ப் என்றால் 8.5க்கும் மேலே. சும்மா ஊர் சுற்ற மட்டும் என்றால் அகலம் அவ்வளவு முக்கியம் இல்லை, சக்கரம்தான் முக்கியம். உங்கள் பக்கம் கிண்ணமும் இல்லை, ராம்ப்பும் இல்லை. இருப்பது சமதரை. அப்படியானால் ஸ்ட்ரீட் கணக்குதான்.

உயரம் எங்கே வருகிறது என்றால் வீல்பேஸில். முன் ட்ரக்கின் உள் ஓட்டையிலிருந்து பின் ட்ரக்கின் உள் ஓட்டை வரை இருக்கும் தூரம் அது. கடைக்காரர் சொல்ல மாட்டார், நீங்களே கேளுங்கள். உங்கள் உயரத்துக்கு 14 அங்குலத்தை ஒட்டி இருந்தால் கால் அகட்டாமல் நிற்கலாம், திரும்பவும் சுறுசுறுப்பாக இருக்கும். 14.5 என்றால் நேராக ஓடுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் டெயிலை, அதாவது பலகையின் பின் நுனியை, அடிக்க நீங்கள் கொஞ்சம் எட்ட வேண்டியிருக்கும். மொத்த நீளம் 31.5 அங்குலத்தை ஒட்டி இருந்தால் போதும், அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

டெக் வாங்கியதும் எல்லோரும் தவறு செய்யும் இடம் ட்ரக். ட்ரக்கின் ஆக்சில், அதாவது சக்கரம் மாட்டும் குறுக்குக் கம்பி, முனைக்கு முனை டெக்கின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. சக்கரத்தின் வெளிப்பக்கம் பலகையின் ஓரத்தோடு சேர்ந்து நிற்பதுதான் அழகு. சக்கரம் உள்ளே போய்விட்டால் கவிழும், வெளியே வந்துவிட்டால் தள்ளும்போது கால் இடிக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ட்ரக்கில் 139, 149 என்று எண் போட்டிருக்கும். இண்டிபெண்டண்ட் நிறுவனத்தின் எண்கள் இவை. 139 என்பது ஹேங்கர் எனும் நடுப்பகுதியின் அகலம், மில்லிமீட்டரில். ஆக்சில் அளவு அதில் 8.0 அங்குலம். 144 என்றால் 8.25, 149 என்றால் 8.5. வேறு கம்பெனிகள் வேறு விதமாக எண் போடுவார்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ‘ஆக்சில் எத்தனை அங்குலம்’ என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் எடைக்கு ட்ரக்கோடு வரும் புஷ்ஷிங், அதாவது நடு போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் போன்ற வளையம், கடினமாகத் தோன்றலாம். பழைய போர்டு திரும்ப மறுத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மிருதுவான புஷ்ஷிங் ஒரு ஜோடி மாற்றினால் புது வண்டி ஆகிவிடும்.

இனி உங்கள் களத்துக்கு வருகிறேன். பேக்கிங் ஷெட்டின் தரை பெரும்பாலும் மெஷின் வைத்துத் தேய்த்த கான்கிரீட், கண்ணாடி மாதிரி. அதற்கு 52 அல்லது 53 மி.மீ. விட்டமுள்ள, 99ஏ கடினச் சக்கரம். ஏ என்பது கடினத்தின் அளவு, எண் குறையக் குறைய சக்கரம் மிருதுவாகும். களம் அப்படி இல்லை. சதுரம் சதுரமாகச் சிமெண்ட் போட்டு நடுவில் இணைப்புக் கோடுகள் விட்டிருப்பார்கள், போதாததற்குத் தேங்காய்த் தொட்டிச் சில்லுகள். கடினச் சின்னச் சக்கரம் ஒரு தொட்டிச் சில்லில் பட்டால் போதும், போர்டு அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் முன்னே போவீர்கள். களத்துக்கு 56 மி.மீ.க்கு மேல், 78ஏ முதல் 85ஏ வரையிலான மிருதுவான சக்கரம் ஒரு செட் வேண்டும். ஒரே டெக், இரண்டு செட் சக்கரம். பலகைக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிட இது பல மடங்கு பயன்.

ஒரு எச்சரிக்கை. பெரிய சக்கரம் போட்டுச் சாய்ந்து திரும்பும்போது அது பலகையின் அடியில் உரசிப் பிடித்துக்கொள்ளும். பலகையின் அடியைப் புரட்டிப் பார்த்தால் பிறை வடிவில் தேய்ந்த அடையாளம் தெரியும். அதைப் பார்த்தால் ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில் எட்டில் ஒரு அங்குலம், அதாவது மூன்று மி.மீ. ரைசர் பேட் வைத்து, போல்ட்டையும் அந்த அளவு நீளமாக மாற்றுங்கள். கொப்பரை காய்ந்த இடத்தில் எண்ணெய் இறங்கிக் கறுத்திருக்கும். அங்கே எந்தச் சக்கரமும் வழுக்கும். ஓட்டும் முன்பு களத்தை ஒரு சுற்று நடந்து, அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் களம் நிறையக் கொப்பரை காயும், உங்களுக்கு இடம் தர மாட்டார்கள். களம் சும்மா கிடப்பது மழை நாட்களில். ஈரத் தரையில் ஓட்டாதீர்கள். நல்ல டெக் என்பது ஏழு அடுக்கு மேப்பிள் மரம், பெரும்பாலும் இரண்டு அடுக்கு குறுக்கு வாட்டில் வைத்து ஒட்டியது. ஓரங்களில் மரத்தின் வாய் திறந்தே இருக்கிறது. அதன் வழியே தண்ணீர் ஏறினால் அடுக்கு ஊதும், டெயிலை அடித்தால் ‘டக்’ என்ற சத்தம் போய் ‘பொத்’ என்று கேட்கும். அப்புறம் ஆலி எழும்பாது. உங்கள் பழைய பலகையை இப்போதே டெயிலில் தட்டிப் பாருங்கள், அந்தப் ‘பொத்’ கேட்கும். காரின் பின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டுப் போவதும் அதே கதிதான்.

ஷெட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, நூல். போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு பையன் ‘சக்கரம் இறுகுதுங்கண்ணா, பேரிங் போச்சு’ என்று போர்டைக் கொண்டுவந்தான். 13ஆம் நம்பர் ஸ்பானரால் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவினேன். ஆக்சிலைச் சுற்றி, பேரிங் ஓரத்தில், வெள்ளையும் நேவி ப்ளூவுமாக ஓவர்லாக் நூல் சுருள் சுருளாக உட்கார்ந்திருந்தது. ஊக்கு முனையால் ஒவ்வொரு இழையாக எடுக்க அரை மணி நேரம் பிடித்தது. பேரிங்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. மாதம் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியைக் கிளப்பும் சமயத்தில் இரண்டு தடவை. உண்மையிலேயே பேரிங் போனால் ஸ்கேட் கடையைத் தேட வேண்டியதில்லை. நம்மூர் பேரிங் கடையில் 608 என்று கேளுங்கள். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களுக்கே தெரிந்த சாமான்.

அக்கா பையன் இதில் ஓட்டலாமா என்றால், உட்கார்ந்து உருளலாம், நின்று பழக வேண்டாம். 9 வயதுக் காலுக்கு 7.25 முதல் 7.5 வரை. அவனுக்கென்று ஒன்று வாங்குங்கள். உங்கள் பழைய பொம்மைக் கடைப் போர்டைத் தள்ளிவிடும் யோசனை இருந்தால் வேண்டாம். திரும்பாத போர்டில் பழகும் பிள்ளை திரும்பவே பழகாது. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இருவருக்கும் வேண்டும். சமதரையில் விழுபவர்கள் முதலில் ஊன்றுவது கையைத்தான்.

அட்டைப் பட்டையில் நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குதிங்கால் எவ்வளவு வெளியே நின்றது என்று மில்லிமீட்டரில் எழுதுங்கள். ‘கொஞ்சூண்டு’ என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். கணபதிப் பட்டறையில் அந்த அளவுக்கு ஸ்கேல் கிடையாது.